வேலைக்குப் போகாத காதல்

தொலைக்காட்சிக்கென்றே எடுக்கும் காதல் படங்களைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு தீர்ப்பு ஆயத்தமாக இருக்கிறது. காசில்லாததால் எடுக்கிறவன் பதினைந்து நாளில் சுருட்டி முடிக்கிறான், நாயகனுக்கும் நாயகிக்கும் ஜோடிப் பொருத்தம் இல்லை, வசனம் செயற்கை, முடிவு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே நம்ப முடியவில்லை. பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் இருக்கிற ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் முடிவெட்டும் கடை நாற்காலியில் சாய்ந்திருக்கிறவரும் இதையே சொல்கிறார். பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவரும் இதையே கொஞ்சம் அழகாகச் சொல்கிறார். இந்த இரண்டு பேரும் ஒன்றுபடுகிற விஷயம் அபூர்வம் என்பதால் நானும் மரியாதையோடு யோசித்துப் பார்த்தேன். ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான்கு காரணமும் பிழை. அதிலும் நான்காவது, தமிழ் வாசித்த ஒருவர் சொல்லவே கூடாத காரணம்.

எந்தப் படங்கள் என்று சொல்லிவிடுகிறேன். நவம்பர் பிறந்தால் இங்கே டி.எஃப்.1, எம்6 அலைவரிசைகளில் பிற்பகல்தோறும் நத்தார்க் காதல் படங்கள் வரிசை கட்டும். அமெரிக்காவின் ஹால்மார்க் அலைவரிசை போட்டுக் கொடுத்த அச்சில் வார்த்தவை. பெரும்பாலும் கனடாவில் படமாக்கி, பிரெஞ்சுக் குரல் ஏற்றியவை. விளம்பர இடைவேளைக்கு ஏற்ப ஒன்பது அங்கமாக வெட்டிய திரைக்கதை. கடைசி நிமிடத்தில் முத்தம். பெருநகரத்தில் வேலையே கதியென்று கிடந்த பெண் சிற்றூருக்கு வருவாள். அங்கே மனைவியை இழந்த ஒரு நல்லவன் இருப்பான். பனி பெய்யும். நம் ஆட்கள் வேலை செய்கிற பாரிஸ் உணவகச் சமையலறைகளில் மத்தியானப் பரிமாறல் மூன்று மணியளவில் ஓயும். ராத்திரிப் பரிமாறலுக்கு ஆறு மணிக்குத் திரும்ப நிற்க வேண்டும். நடுவில் கிடைக்கிற அந்த மூன்று மணி நேரத்தில்தான் நம் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் நிறைகிறது. இந்தப் படங்கள் ஓடுகிற நேரமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே நம்முடைய ஆட்கள் இவற்றைப் பார்ப்பதில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பார்க்கிறார்கள், திட்டுகிறார்கள், மறுநாளும் பார்க்கிறார்கள்.

நான்காவது காரணத்தையே முதலில் எடுக்கிறேன். முடிவு தெரிந்த காதல் நம்பவைக்காது என்றால் அகத்திணை முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். களவு, கற்பு, உடன்போக்கு எல்லாம் முன்கூட்டியே வகுத்து வைத்த நிலைகள். தலைவனுக்குப் பெயர் இல்லை, தலைவிக்குப் பெயர் இல்லை. பெயரைச் சொன்னால் அது அகமே ஆகாது. தோழி எந்த இடத்தில் என்ன சொல்வாள், செவிலி எப்போது அழுவாள் என்பதெல்லாம் கேட்கிறவருக்கு ஏற்கெனவே தெரியும். ஹால்மார்க்கின் ஒன்பது அங்கத்தைவிட இறுக்கமான சட்டகம் இது. ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டாக அந்தக் காதலை யாரும் சந்தேகித்ததில்லை. காரணத்தைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அடுக்கி வருவது கருப்பொருள். கூடலும் பிரிதலும் ஊடலுமாகிய உரிப்பொருள் இவற்றின்மேல்தான் நிற்கும். நெய்தல் பெண் காயப்போட்ட மீனுக்கு வருகிற பறவையை ஓட்டிக்கொண்டே காத்திருக்கிறாள். குறிஞ்சிப் பெண் தினைப்புனத்தில் கிளி விரட்டும் வேலையில் இருக்கும்போதுதான் அவன் வருகிறான். தினை அறுத்து முடிந்தால் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், சந்திப்பு நின்றுபோகும். பயிர் விளைகிற கணக்கு வேறு, அவர்கள் மனசு விளைகிற கணக்கு வேறு. இரண்டும் மோதுகிற இடத்தில் பாட்டு பிறக்கிறது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நத்தார்ப் படத்தைச் சோதித்துப் பாருங்கள். தெய்வம் உண்டு, சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தாடியுமாக. உணவு உண்டு, இஞ்சி பிஸ்கட். விலங்குக்கு ஒரு நாய். மரம் கட்டாயம் உண்டு. பறைக்கும் யாழுக்கும் நத்தார்ப் பாட்டு. பொழுதும் நிலமும்கூடப் பனியால் நிரம்பியிருக்கும். இல்லாதது ஒன்றே ஒன்று: தொழில். நாயகிக்கு பேக்கரி இருக்கிறது; விடியுமுன் எழும்பி மாப் பிசைகிற உடம்பு இல்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு அவனோடு பனியில் நடக்கப் போகிறாள். கல்லாவில் யார் நிற்கிறது என்று படம் கேட்பதில்லை. நாங்கள் கேட்கிறோம். கடை வைத்திருக்கிற சனம் அல்லவா.

என் கட்சி இதுதான். காதலைப் பற்றிக் கொஞ்சமும் அக்கறையில்லாத ஏதாவது ஒன்று, வேலை நேரமோ வாடகையோ கடைசி மெத்ரோவோ, காதலின் குறுக்கே வந்து நிற்கும்போதுதான் பார்க்கிறவர் நம்பத் தொடங்குகிறார். வில்லன் வேண்டியதில்லை. முன்னாள் காதலி வந்து குழப்ப வேண்டியதில்லை.

காசு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அதற்குச் சாட்சி நம் வீட்டிலேயே இருக்கிறது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா சன் தொலைக்காட்சிக்காக ‘கதை நேரம்’ என்ற வரிசையில் 52 சிறுகதைகளைப் படமாக்கினார். தொலைக்காட்சிக்கு எடுத்தவை, வாரந்தோறும் கொடுத்தாக வேண்டியவை, சின்னச் செலவு. மௌனிகாவும் சசிகுமாரும் ஒரு வாரம் கணவன் மனைவி. இன்னொரு வாரம் அதே இருவர் வேறு யாரோ. எல்லாமே தேறியவை என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் அவசரம் தெரியும். ஆனால் தேறியவற்றில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பதை நம்பக் கஷ்டப்பட வேண்டியிருக்காது. யாரோ அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், யாரோ அடுப்படியில் இருப்பார்கள், பேச்சு அந்த வேலைக்கு நடுவே நடக்கும். மறுபுறம், காசு கொட்டினால் நம்பிக்கை வருமா என்பதற்கு 2020 ஒக்டோபரில் தொடங்கிய ‘எமிலி இன் பாரிஸ்’ பதில் சொல்கிறது. அது படமல்ல, தொடர். இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். உண்மையான பாரிசில், உண்மையான தெருக்களில் எடுத்தார்கள். அதில் வேலைக்காரப் பெண்களுக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய கூரையடி அறை என்று சொல்லிக் காட்டுகிற இடத்தின் பரப்பைப் பார்த்து, அப்படிப்பட்ட அறையில் நிஜமாகவே வாழ்கிற ஊர் முழுக்கச் சிரித்தது.

ஜோடிப் பொருத்தம் என்கிற இரண்டாவது காரணம்தான் மேலும் ருசியானது. ஹால்மார்க் 2023இல் ‘ஏ பாரிஸ் புரொபோசல்’ என்று ஒரு படம் கொடுத்தது. விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிற ஆணும் பெண்ணும் ஒரு வைர வியாபாரியின் கணக்கைப் பிடிக்கப் பாரிசுக்கு வருகிறார்கள். வாடிக்கையாளர் அவர்களைக் கணவன் மனைவி என்று தவறாக நினைத்துக்கொள்கிறார். வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்று அவர்களும் அப்படியே நடிக்கிறார்கள். நடித்து நடித்துக் காதல் வந்துவிடுகிறது. இந்தக் கதையை நாம் வேறெங்கோ பார்த்திருக்கிறோம் அல்லவா? ஜாக் ஒதியார் எடுத்து 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற ‘தீபன்’ இதே கதைதான். அறிமுகமில்லாத ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக நடித்துக்கொண்டு பிரான்சுக்கு வருகிறார்கள்; நடித்து நடித்து நெருங்குகிறார்கள். எலும்புக்கூடு ஒன்றே. சுற்றியிருக்கிற சதைதான் வேறு. ஒன்றில் பொய் வெளிப்பட்டால் வைரக் கணக்குக் கைநழுவிப் போகும். மற்றதில் பொய் வெளிப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

‘தீபன்’ படத்தின் இரண்டு முகங்களையும் யாராவது பொருத்தம் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்களா? ஒருவர் ஷோபாசக்தி: இளவயதில் இயக்கத்தில் இருந்து, 1993இல் பிரான்சுக்கு வந்து, கதை எழுதிப் பெயர் வாங்கியவர். மற்றவர் சென்னை நாடக மேடையிலிருந்து வந்த காளீஸ்வரி ஸ்ரீனிவாசன். ஒருவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிறார். மற்றவர் அந்தத் தமிழைக் கற்றுக்கொண்டு கதைக்கிறார். நம்முடைய காதுக்கு அந்த வித்தியாசம் கேட்காமலா இருக்கிறது? கேட்கிறது, மன்னித்தும் விடுகிறோம். ஏனென்றால் காளீஸ்வரி நடித்த யாழினி முகாமில் ஆளாளாகப் போய் அநாதைப் பிள்ளை ஒன்றைத் தேடுவதைப் பார்த்துவிட்டோம். செத்துப்போன மூன்று பேரின் பெயரில் மூன்று பேர் பயணம் செய்வதைப் பார்த்துவிட்டோம். ராத்திரியில் ஒளிரும் விளையாட்டுச் சாமான்களைத் தெருவில் விற்றவனுக்குக் குடியிருப்பின் படிக்கட்டைக் கூட்டும் வேலை கிடைக்கிறது. அவளுக்கு ஒரு கிழவருக்குச் சமைத்துக் கொடுக்கும் வேலை கிடைக்கிறது. அவன் ஒருநாள், பிரெஞ்சுக்காரர் சொல்கிற பகிடி எனக்கு விளங்குவதில்லை என்று குறைப்படுகிறான். உனக்குத் தமிழிலேயே பகிடி வராது என்கிற மாதிரி அவள் சொல்லிவிடுகிறாள். அந்த இடத்தில் அவர்கள் கணவன் மனைவி ஆகிவிட்டார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருக்கவில்லை. ஒரே சம்பளக் கவலையை இரண்டு பேரும் சுமந்திருந்தார்கள், அதுவே போதும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. காதலை நம்பவைப்பது என்பது இந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்கு விமர்சகர்களின் பொழுதுபோக்கு இல்லை. அது ஒரு நிர்வாக நடைமுறை. அகதியாக ஏற்கப்பட்டவர் ஊருக்குத் திரும்ப முடியாது. ஆகவே பல கலியாணங்கள் சென்னையிலோ திருச்சியிலோ நடந்தன. மாப்பிள்ளை இங்கிருந்து, பெண் யாழ்ப்பாணத்திலிருந்து, மண்டபம் இரண்டு பேருக்கும் அந்நியமான ஓர் ஊரில். தாலி கட்டிய கையோடு அவர் திரும்பி வந்துவிடுவார். பிறகு தொடங்கும் உண்மையான கதை. குடும்ப இணைவுக்கு விண்ணப்பிக்கப் பொதுவாகப் பதினெட்டு மாதம் சட்டப்படி இங்கே வசித்திருக்க வேண்டும். சட்டம் சொல்கிற குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத நிலையான வருமானம் காட்ட வேண்டும். அதோடு வீடு: பாரிசில் இரண்டு பேருக்கு 22 சதுர மீட்டர், கூடுகிற ஒவ்வொருவருக்கும் இன்னும் 10. ஒரு மனுசன் தன் மனைவியோடு வாழ்வதற்குத் தடை ஓர் அறையின் நீள அகலம் என்றால், அதைவிட நல்ல காதல் கதைக்கு வேறென்ன வேண்டும்? இதை ஒரு நத்தார்ப் படத்திலும் நான் கண்டதில்லை.

குடியுரிமை எடுத்தவர் ஊரிலிருந்து மணந்தால் வேறொரு சோதனை. கலியாணம் காகிதத்துக்காகச் செய்ததா என்று தூதரகத்துக்குச் சந்தேகம் வரலாம். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். வந்து சேர்ந்த பிறகு, வதிவிட அனுமதிக்காகச் சேர்ந்து வாழ்வதை நிரூபிக்க வேண்டும். இரண்டு பெயரும் போட்ட மின்கட்டண ரசீது, கூட்டு வங்கிக் கணக்கு, வரிப் பத்திரம். இந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரியைப்போலக் கடுமையான பார்வையாளர் உலகத்தில் இல்லை. அவர் முத்தத்துக்கு மசிவதில்லை. நீ அவளை எவ்வளவு நேசிக்கிறாய் என்று கேட்பதில்லை. முதலில் எழும்புவது யார், மாமனாருக்கு என்ன வேலை, கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்கிற ரகத்தில் கேட்கிறார். கருப்பொருளைக் கேட்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் கேள்விப்பட்டால் சந்தோசப்பட்டிருப்பார். அந்த அதிகாரி எப்போதும் சரியாகத் தீர்ப்புச் சொல்கிறார் என்று நான் வாதாட வரவில்லை. நாற்பது வருசம் சேர்ந்து வாழ்ந்தவர்களும் இந்தக் கேள்விகளில் தடுமாறுவார்கள். நன்றாகப் பாடமாக்கிக்கொண்டு வந்த பொய்க்காரர் தப்பிப்போவார். ஆனால் எதைத் தேடினால் காதல் அகப்படும் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. தொலைக்காட்சிப் படக்காரருக்குத்தான் குழப்பம்.

வசனம் செயற்கை என்கிற மூன்றாவது காரணத்துக்கு இந்தத் தெருவின் பெயரையே வைத்துக்கொண்ட படம் ஒன்று பதில் சொல்லும். 2006இல் வந்த ‘பாரி, ஜெ தெம்’ பதினெட்டுக் குறும்படங்களின் தொகுப்பு. அதில் டொம் டிக்வர் எடுத்த பகுதிக்கு ‘ஃபொபூர் சேன்-தெனி’ என்று பெயர். பார்வையற்ற ஓர் இளைஞன். நடிப்புப் படிக்க வந்த அமெரிக்கப் பெண்ணாக நட்டாலி போர்ட்மன். ஒருநாள் தொலைபேசியில் அவள் நம் காதல் முடிந்துவிட்டது என்கிறாள். வசந்தம், கோடை, குளிர் என்று பருவங்களை வரிசைப்படுத்தி ஒரு வசனம் பேசுகிறாள். தொலைக்காட்சி நாடகக்காரர்கூட எழுதக் கூசுகிற வசனம் அது. அவன் நம்பிவிடுகிறான். பார்க்கிற நாமும் நம்பிவிடுகிறோம். பிறகுதான் அது அவள் ஒத்திகை பார்த்த வரிகள் என்று தெரிகிறது. அத்தனை மோசமான வசனத்தை அவன் ஏன் நம்பினான்? இடைப்பட்ட சில நிமிடங்களில் அவர்களுடைய நாட்கள் ஓட்டமாக ஓடிக் காட்டப்படுகின்றன. அவளுக்கு ஒத்திகை, அவனுக்குப் படிப்பு. ஒரே இடங்கள், ஒரே செயல்கள், திரும்பத் திரும்ப, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடிய களைப்போடு. அந்தக் களைப்பு இருந்ததால் செயற்கையான வசனமும் உண்மையாகக் கேட்டது. ஒன்றரை மணி நேரப் படங்கள் செய்யத் தவறுவதை இது சில நிமிடத்தில் செய்துவிட்டது. லாச்சப்பல் பக்கத்துத் தமிழ்க் கடைகளை அதில் தேடாதீர்கள். தெரு நீளமானது, அவரவர் துண்டு அவரவருக்கு.

இனி, எதிர்க்கட்சியின் பலமான வாதம். இந்தப் படங்களை யாரும் நம்புவதற்காகப் பார்ப்பதில்லை, மனசு ஆறத்தான் பார்க்கிறார்கள். பாத்திரம் கழுவிக் கை வெந்து வருகிறவருக்கு இன்னொரு பாத்திரம் கழுவுகிறவனின் கதை எதற்கு என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனசுக்காரர். 2017 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே, ‘ஏ கிறிஸ்மஸ் பிரின்ஸ்’ படத்தைப் பதினெட்டு நாளாக ஒவ்வொரு நாளும் பார்த்த 53 பேரை, உங்கள் மனசை நோகடித்தது யார் என்று பகிரங்கமாகக் கிண்டல் செய்தது. தன் வாடிக்கையாளரையே நையாண்டி செய்த அந்தத் திமிரைவிட இந்த நல்ல மனசு எவ்வளவோ மேல். ஆனாலும் இரண்டின் அடியிலும் ஒரே நினைப்புத்தான் இருக்கிறது: பார்க்கிறவருக்கு எதுவும் போதும். மனசு ஆறுவதற்குப் பார்க்கிற படத்தையும் நம்பினால்தான் மனசு ஆறும். எம்.ஜி.ஆர். படத்தில் ரிக்‌ஷாக்காரனைப் பார்த்து மனசு ஆறியவர்களில் ரிக்‌ஷா இழுத்தவர்களும் இருந்தார்கள். வண்டியின் பாரம் தெரிந்தவன்தான் அந்த வெற்றியை ருசித்தான். வேலையை அழித்துவிட்டுக் காட்டுகிற காதல் யாருக்கும் ஆறுதல் ஆவதில்லை. அறையில் இன்னொரு குரல் கேட்கிறதே என்ற துணைக்கு மட்டும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டால் போதும், நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை.

அப்படியானால் உனக்குச் சோகப் படம்தான் வேண்டும், அகதிக் கண்ணீர்தான் வேண்டும் என்று யாராவது கேட்டால், ‘தீபன்’ படத்தின் கடைசி நிமிடங்களையே எடுத்துப் பேசுகிறேன். அத்தனை நேரம் படிக்கட்டையும் சம்பளத்தையும் பற்றி நின்ற படம், முடிவில் இங்கிலாந்துக்குப் பாய்கிறது. வெயில், துப்புரவான வீடு, பின்புறத் தோட்டத்தில் விருந்தினர், கையில் குழந்தை. அங்கே எப்படிப் போனார்கள், எந்தக் காகிதத்தில், வாடகைக்கு என்ன வழி? படம் வாயைத் திறக்கவில்லை. தங்கப் பனை வென்ற அந்த ஒதியாரின் கையில், இரண்டு மணி நேரமாக நாம் நம்பிய அதே இரண்டு நடிகர்களை வைத்து எடுத்த முடிவு, பிற்பகல் தொலைக்காட்சிப் படத்தின் ஒன்பதாவது அங்கமாகவே ஆகிவிட்டது. காசு குறையவில்லை, பொருத்தம் குறையவில்லை, வசனம் அங்கே கிட்டத்தட்ட இல்லை. சந்தோசமாக முடிந்தது என்பதும் குற்றமில்லை. அந்தச் சந்தோசத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று காட்டாததுதான் குற்றம்.

எனக்கு எரிச்சல் ஹால்மார்க்கின்மேல் இல்லை. அவர்கள் வியாபாரம் அது, ஒளிக்காமல் செய்கிறார்கள். எரிச்சல் நம்மேல்தான். லோரன்ஸ் வலன் 2024இல் வெனிஸில் காட்டிய ‘லிட்டில் ஜஃப்னா’ இந்த லாச்சப்பலையே களமாக வைத்த படம். நம் ஆட்களுக்குள் ஊடுருவுகிற ஒரு தமிழ்ப் பொலிசுக்காரனின் கதை. துணிச்சலான படம், நம் முகங்களைப் பெரிய திரையில் நிறுத்திய படம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்தத் தெருவை அறிந்தவர்கள் கமெராவை எடுத்தால் இயக்கம், சண்டை, துப்பாக்கி என்றுதான் போகிறோம். காதலைக் கலியாண வீடியோக்காரருக்கும் கனடாக்காரருக்கும் குத்தகைக்கு விட்டுவிட்டோம். பிறகு அவர்கள் எடுத்ததைப் பார்த்து முடிவெட்டும் கடையில் இருந்து சிரிக்கிறோம்.

மனைவி திருச்சியில் வாடகை வீட்டில். இவன் இங்கே இன்னும் இரண்டு பேரோடு ஓர் அறையில். சமையலறை இடைவேளையின் மூன்று மணி நேரத்தில் 22 சதுர மீட்டர் தேடி அலைகிறான். அந்த நேரம் அங்கே ராத்திரி. அவள் தொலைபேசியை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். வீட்டுக்காரன் மூன்று மாதச் சம்பளத் துண்டு கேட்கிறான், முதலாளி பாதியைத்தான் கணக்கில் காட்டுகிறான், சீட்டுப் பிடிக்கிற அண்ணை அடுத்த மாதம்தான் உன் முறை என்கிறார். யாராவது எடுங்கள், தொலைக்காட்சிக்கே எடுங்கள், பதினைந்து நாளிலேயே எடுங்கள். முத்தம் கடைசி நிமிடத்தில் விமான நிலையத்தில்தான் வரும் என்று முதல் காட்சியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டாலும் பரவாயில்லை. ஒன்பது அங்கத்துக்கும் சரக்குத் தாராளமாக இருக்கிறது.